சிறு கடல்நீர்த் தொட்டிக்கு ஏற்ற நுரைபிரிப்பானைத் தெரிந்தெடுத்தல்

பள்ளிகளிலும் மீன்வளப் பயிற்சி நிலையங்களிலும் நன்னீர் மீன்தொட்டி வைத்துப் பேணுவது நெடுநாளைய வழக்கமாகும். அண்மைக் காலத்தில் கடல்நீர்த் தொட்டிகளும் ஆங்காங்கே இடம்பெறத் தொடங்கியுள்ளன. முன்னர் இத்தொட்டிகளுக்குரிய மீன்கள் பெரும்பாலும் பவளத்திட்டுகளிலிருந்தே பிடித்து வரப்பட்டன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் நடத்திய ஆராய்ச்சிகளின் பயனாகக் கோமாளி மீன் இனங்கள் பல இன்று குஞ்சு பொரிப்பகங்களிலேயே வளர்க்கப்படுகின்றன. ஆகவே, திட்டில் வாழும் உயிர்களுக்கு ஊறு செய்யாமல் கடல்வாழ் மீன்களை மாணவர்க்குக் காட்ட இயல்கின்றது.

ஆயினும், தொட்டியில் இட்ட மீன்கள் சில மாதங்களுக்குள் இறந்துபோதல் பல இடங்களில் காணப்படும் நிகழ்ச்சியாகும். அதற்கு மருந்தாகக் கடைகளில் முதலிற் பரிந்துரைக்கப்படுவது ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என வழங்கும் நுரைபிரிப்பான். இக்கருவியின் விலை சில வேளைகளில் தொட்டியின் விலையையும் மிஞ்சிவிடும். பெட்டியின்மீது அச்சிட்டுள்ள லிட்டர் கணக்கை மட்டும் நோக்கி இதனை வாங்குவோர் பலர். தொட்டியில் நாள்தோறும் சேரும் கழிவு எவ்வளவு, நீரை மாற்றும் வசதி எத்தகையது, கருவி எவ்வளவு காற்றை எத்துணை நுண்ணிய குமிழிகளாக நீருடன் கலக்கின்றது என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே கருவியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சிறு தொட்டியில் கழிவு சேரும் கணக்கு

75 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில் 36 செ.மீ. உயரத்திற்கு நீர் நிரப்பினால் அதன் கொள்ளளவு 108 லிட்டர் ஆகும். மணலும் பாறைகளும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் உண்மையில் நிற்கும் நீர் ஏறக்குறைய 90 லிட்டர்தான். இத்தொட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

நான்கைந்து சிறு மீன்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் உலர்ந்த உணவு இடப்படுவதாகக் கொள்க. இது சற்றுத் தாராளமான அளவே. உணவில் புரதம் 45 விழுக்காடு எனின் அதன் எடை 450 மில்லிகிராம் ஆகும். புரதத்தின் எடையில் நைட்ரஜன் ஏறக்குறைய 16 விழுக்காடு. எனவே 72 மில்லிகிராம் நைட்ரஜன் நாள்தோறும் தொட்டிக்குள் புகுகின்றது. இதில் கால் பங்கு மீனின் உடல் வளர்ச்சிக்குப் பயன்படுவதாக வைத்துக்கொண்டால், எஞ்சிய 54 மில்லிகிராம் நீரில் சேரும். நுண்ணுயிர்கள் அதனை அமோனியாவாகவும், பின் நைட்ரைட்டாகவும், இறுதியில் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 54 மில்லிகிராம் நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டானால் அதன் எடை ஏறக்குறைய 240 மில்லிகிராம். 90 லிட்டர் நீரில் இது லிட்டருக்கு 2.7 மில்லிகிராம், வாரத்திற்கு ஏறக்குறைய 19 மில்லிகிராம்.

வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் என்ன நிகழும்? ஒவ்வொரு முறையும் அப்போதுள்ள நைட்ரேட்டில் ஐந்தில் ஒரு பங்கே வெளியேறும். வெளியேறுவதும் சேருவதும் சமமாகும்வரை அளவு ஏறிக்கொண்டே போகும். ஐந்தில் ஒரு பங்கு 19 என்றால் முழு அளவு 95. ஆகவே, தவறாது நீர் மாற்றி வந்தாலும் லிட்டருக்கு 95 மில்லிகிராம் என்னும் நிலை வந்தே தீரும். பாசிகளும் பாறைகளின் உட்புறத்து நுண்ணுயிர்களும் ஒரு பங்கினை நீக்குவதால், சோதனையில் காணும் எண் இதனிலும் குறைந்திருக்கலாம். ஆனால் கணக்கு உணர்த்தும் பாடம் மாறுவதில்லை. உணவைப் பாதியாகக் குறைத்தால் இறுதி நிலையும் பாதியாகின்றது. எந்தக் கருவியையும் வாங்குமுன் செய்யத்தக்க முதற் சீர்திருத்தம் இதுவே. இதற்குச் செலவும் இல்லை.

கடல்நீர்த் தொட்டியில் இக்கணக்கு இன்றியமையாததாவதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது, அமோனியாவின் நச்சுத்தன்மை. நீரில் கலந்த அமோனியா முழுவதும் ஒரே வடிவில் இருப்பதில்லை. மின்னேற்றம் பெறாத வடிவமே மீனுக்குப் பெரிதும் நஞ்சாவது. 28 பாகை வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நன்னீரில் அவ்வடிவம் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு, பி.எச். 8.2 உள்ள கடல்நீரிலோ பத்தில் ஒரு பங்கை நெருங்கும். இரண்டாவது, பிராணவாயுவின் குறைவு. அதே வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.8 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்க வல்லது, கடல்நீரில் 6.4 மில்லிகிராம் அளவே கரையும். அழுகும் பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அக்குறைந்த பிராணவாயுவையும் பங்கிட்டுக் கொள்கின்றன. பெருந்தொட்டியில் இம்மாறுதல்கள் மெல்ல நிகழும். சிறு தொட்டியில் ஓர் இரவே போதும்.

2. நுரை பிரிக்கும் முறையின் தத்துவம்

பருப்பு கொதிக்கையில் மேலே திரளும் நுரையும், வெல்லம் காய்ச்சுவோர் கொப்பரையின் மேற்பரப்பிலிருந்து அகப்பையால் வழித்தெடுக்கும் அழுக்கு நுரையும் அனைவரும் அறிந்தவை. கரைந்தும் மிதந்தும் நிற்கும் பொருள்கள் சில நுரையோடு சேர்ந்து மேலே வருவதை இவை காட்டுகின்றன. செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் கனிமங்களைத் தாதுத் தூளினின்று பிரிக்க இராஜஸ்தானத்தின் கேத்ரி, ஜாவர் போன்ற இடங்களில் கையாளும் நுரைமிதப்பு முறையிலும் காற்றுக் குமிழியின் மேற்பரப்பே வேலை செய்கின்றது.

புரதம், கொழுப்பு, மீனின் உடற்கோழை முதலியவற்றின் மூலக்கூறுகள் பலவற்றிற்கு நீரை விரும்பும் ஒரு பகுதியும் நீரை வெறுக்கும் ஒரு பகுதியும் உண்டு. இவை நீருக்கும் காற்றிற்கும் இடையிலுள்ள எல்லையை அடைந்ததும், ஒரு பகுதி நீரிலும் மறு பகுதி காற்றிலுமாக அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குழாயினுள் நீரோடு எண்ணற்ற குமிழிகளைக் கலந்தால், ஒவ்வொரு குமிழியும் இப்பொருள்களைச் சுமந்துகொண்டு மேலேறும். குழாயின் குறுகிய கழுத்தில் குமிழிகள் நெருங்கி நுரையாகும். நுரையிடையேயுள்ள நீர் கீழே வடியும். கெட்டியான நுரை கழுத்தைத் தாண்டி மேலுள்ள கிண்ணத்தில் விழுந்து, பழுப்பு நிறமும் நாற்றமும் உடைய நீராகச் சேரும். அழுகி அமோனியாவாக மாறுதற்கு முன்பே பொருளைத் தொட்டியினின்று அகற்றுவதுதான் இம்முறையின் தனிச்சிறப்பு. பஞ்சு வடிகட்டியில் சிக்கிய கழிவு, பஞ்சினைக் கழுவும்வரை அதே நீரிலேயே கிடந்து அழுகுகின்றது என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்குக.

குமிழியின் அளவு இங்கு முதன்மையானது. 1 லிட்டர் காற்றை 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழிகளாகப் பிரித்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 1 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் குமிழிகளானால் 2 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டரானால் 6. அரை மில்லிமீட்டரானால் 12. மேலும், சிறிய குமிழி மெதுவாக மேலேறுவதால் நீருடன் உறவாடும் நேரமும் மிகுகின்றது. ஆயினும், குமிழிகள் அளவிறந்து சிறுத்துவிட்டால் மேலேறாமல் வெளியேறும் நீரோடு தொட்டிக்கே திரும்பிவிடும். ஆதலின் ஒரு வரம்பு உண்டு.

நன்னீர்த் தொட்டியில் இக்கருவி ஏன் பயன்படுவதில்லை என்று மாணவர் வினவுவர். நன்னீரில் சிறு குமிழிகள் ஒன்றையொன்று தொட்டவுடன் சேர்ந்து பெருங்குமிழிகளாகின்றன. கடல்நீரிலுள்ள உப்புக்கள் அச்சேர்க்கையைத் தடுப்பதால் குமிழிகள் சிறியனவாகவே நிலைத்திருக்கின்றன. அலை மோதும் கடற்கரையில் வெண்ணுரை தங்குவதற்கும் ஏரிக்கரையில் தங்காமைக்கும் இதுவே ஒரு காரணம். ஏரி நீரில் சோப்பு போன்ற கழிவுகள் கலந்தவிடத்து மட்டும் இவ்விதி மாறக் காணலாம்.

கடல்நீர்த் தொட்டிகளில் இம்முறையைப் பரப்பியவர்கள் ஜெர்மானியர்கள். 1960-களில் அந்நாட்டில் எர்வின் சாண்டர் என்பார் காற்றுப் பம்பினால் இயங்கும் நுரைபிரிப்பான்களைச் செய்து வழங்கினார். இன்றுள்ள வகைகள் யாவும் அதே தத்துவத்தின் விரிவுகளே.

3. கருவி செய்ய இயலாதவை

நுரைபிரிப்பானின் எல்லையை அறியாதவர் அதனிடம் மிகையாக எதிர்பார்த்து ஏமாறுகின்றனர்.

மீன் வெளியேற்றும் நைட்ரஜனின் பெரும்பங்கு சிறுநீராகவோ மலமாகவோ அன்றிச் செவுள்களின் வழியே நேரடியாக அமோனியாவாக நீரில் கலக்கின்றது. அமோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு ஆகியவை குமிழியின் மேற்பரப்பில் ஒட்டுவதில்லை. எனவே இவற்றை நுரைபிரிப்பான் நீக்காது. அமோனியாவை மாற்றுதற்குரிய நுண்ணுயிர்கள் தங்கும் மணலும் பாறையும், நைட்ரேட்டைக் குறைத்தற்குரிய நீர்மாற்றமும் எப்போதும் தேவையே.

கரைந்த கரிமப் பொருள்கள் யாவும் நுரையில் சேர்வதுமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் கென் பெல்ட்மன் 2009-ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் வெளியிட்ட ஆய்வுகளில், நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறக்குறைய 20 முதல் 35 விழுக்காட்டையே கருவிகள் நீக்கின என்று காட்டினார். விலையும் அமைப்பும் வேறுபட்ட கருவிகளிடையே இவ்வளவு பெரிதும் மாறுபடவில்லை என்பதும் கருதத்தக்கது. மிகுந்த விலை கொடுத்து வாங்கினால் மிகுந்த தூய்மை கிட்டும் என்னும் எண்ணத்திற்கு இது தக்க விடையாகும்.

மறுபுறம், கருவியால் விளையும் ஒரு நன்மையைப் பலர் கருதுவதில்லை. இடையறாது காற்றும் நீரும் கலப்பதால் பிராணவாயு நிறைகின்றது; கரியமில வாயு வெளியேறுகின்றது. கோடையின் இரவுகளில் மீன்களைக் காப்பது பெரும்பாலும் இச்செயலே ஆகும்.

4. வகைகள்

(அ) காற்றுப் பம்பினால் இயங்குவது. நேரான குழாயின் அடியில் நுண்துளை மரக்கட்டை ஒன்றினைப் பொருத்திக் காற்றைச் செலுத்துவர். அமைப்பு எளியது, விலை குறைவு, நீருக்குள் மின்சாரம் இல்லை. ஆனால் மரக்கட்டை சில வாரங்களில் அடைபடும். குமிழிகள் பெருத்து நுரை குன்றும். கட்டையைக் காலந்தவறாமல் மாற்றுவதற்கு ஆள் இருக்குமிடத்தில் மட்டுமே இது நன்கு பயன்படும்.

(ஆ) வெஞ்சூரி வகை. பம்பு தள்ளும் நீர் ஒரு குறுகிய துவாரத்தின் வழியே விரையும்போது அங்கு அழுத்தம் குறைந்து காற்று தானே உள்ளிழுக்கப்படுகின்றது. பம்பு வலியதாக இருத்தல் வேண்டும். துவாரத்தில் உப்புப் படிந்தால் காற்று குறையும்.

(இ) ஊசிச் சக்கர வகை. பம்பின் சுழல்சக்கரத்தில் தகடுகளுக்குப் பதிலாகப் பல சிறு ஊசிகள் அமைந்திருக்கும். உள்ளிழுத்த காற்றை இவை நுண்குமிழிகளாகச் சிதைக்கின்றன. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த நுண்குமிழிகளைத் தருவதால் சிறு தொட்டிகளுக்கு இன்று பெரிதும் விற்கப்படுவது இவ்வகையே. 8 வாட் பம்பு இடைவிடாது இயங்கினால் ஆண்டிற்குச் சுமார் 70 யூனிட் மின்சாரம் செலவாகும்.

பொருத்தும் இடத்தை நோக்கின் மூன்று முறைகள் உள. தொட்டிக்குள்ளேயே வைப்பது கசிவினால் தரையை நனைக்காது. ஆனால் இடத்தை அடைக்கும். தொட்டியின் பின்புறத்தில் தொங்கவிடுவது இடத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் கிண்ணம் நிரம்பி வழிந்தால் உப்புநீர் தரையிலும் மின்செருகிகளிலும் விழும். தொட்டியின் கீழே தனியறையில், அதாவது ‘சம்ப்’பில் வைப்பது எல்லாவற்றினும் சிறந்தது, எனினும் அங்கு நீர்மட்டம் மாறாதிருத்தல் வேண்டும். நீர் ஆவியாகி மட்டம் இரண்டு செ.மீ. தாழ்ந்தாலும் நுரை கழுத்தை எட்டாது நின்றுவிடக் கூடும்.

5. தெரிந்தெடுக்கும் படிகள்

முதற்படி: கருவி தேவையா என முடிவு செய்தல். 50 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் இரண்டு சிறு மீன்களை மட்டும் வைத்து, வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்ற இயலுமாயின் நுரைபிரிப்பான் தேவையில்லை. கொச்சி, விசாகப்பட்டினம், வேராவல் போன்ற கடற்கரை ஊர்களில், ஆற்று முகத்திற்கும் சாக்கடைக்கும் விலகிய இடத்திலிருந்து தூய கடல்நீரை எடுத்துவர வசதியிருப்பின், சற்றுப் பெரிய தொட்டிகளுக்கும் இது பொருந்தும். உள்நாட்டில் நிலைமை வேறு. நாகபுரியிலோ தில்லியிலோ உள்ள பள்ளி, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே நீரை உண்டாக்க வேண்டும். வாரம் 20 லிட்டர் மாற்றினால் 700 கிராம்; ஆண்டிற்கு 36 கிலோகிராமுக்கும் மேல். அங்கு நுரைபிரிப்பானுக்கு இடும் முதல் விரைவில் பயன் தரும். ஆயினும் அது நீர்மாற்றத்தின் அளவைக் குறைக்குமேயன்றி அதனை அறவே ஒழித்துவிடாது.

இரண்டாம் படி: உண்மை நீரளவையும் கழிவுச் சுமையையும் கணக்கிடல். பெட்டியில் ‘250 லிட்டர் வரை’ என்றிருந்தால் அது பெரும்பாலும் மீன்கள் மிகக் குறைந்த தொட்டியைக் குறிக்கும். குறைந்த சுமை, நடுத்தரச் சுமை, மிகுந்த சுமை என மூன்று எண்கள் கொடுக்கப்பட்டிருப்பின் மூன்றாவதையே கொள்ளுதல் வேண்டும். ஓர் எண் மட்டும் இருப்பின் அதில் பாதியை மெய்யான அளவாகக் கொள்ளலாம். மேற்காட்டிய 90 லிட்டர் தொட்டிக்கு, மிகுந்த சுமையில் 90 முதல் 150 லிட்டர் வரை ஏற்கும் கருவி போதும்.

மூன்றாம் படி: மிகப் பெரிய கருவியைத் தவிர்த்தல். பெரிது நல்லது என்னும் கருத்து இங்குப் பொருந்தாது. அகன்ற கழுத்தில் நுரை நிலைத்து நின்று மேலேறுவதற்குப் போதிய கரிமப் பொருள் நீரில் இருத்தல் வேண்டும். சிறு தொட்டியின் கழிவு அதற்குப் போதாமையால் நுரை கழுத்தின் பாதியிலேயே உடைந்து வீழும். கிண்ணம் நாட்கணக்கில் வறண்டு கிடந்து, உணவிட்ட பின்னர் மட்டும் திடீரெனப் பொங்கும்.

நான்காம் படி: காற்றின் அளவையும் குமிழியின் அளவையும் நோக்குதல். பம்பு மணிக்கு எத்தனை லிட்டர் நீர் இறைக்கின்றது என்பதைவிட, எத்தனை லிட்டர் காற்றை உள்ளிழுக்கின்றது என்பதே முக்கியம். இயங்கும் கருவியை வெளிச்சத்தில் பார்த்தால் உடற்பகுதி பால்போல் வெண்மையாகத் தோன்ற வேண்டும். குமிழிகளைத் தனித்தனியே எண்ணக் கூடுமாயின் அவை பெரியவை என அறிக.

ஐந்தாம் படி: மின்சாரப் பொருத்தம். இந்தியாவில் வழங்குவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். 60 ஹெர்ட்ஸுக்கெனச் செய்த சாதாரணக் காந்தப் பம்பினை இங்கு இயக்கினால், மின்னழுத்தம் பொருந்தினும் சுழற்சி ஆறில் ஒரு பங்கு குறையும், காற்றும் குறையும். 110 வோல்ட் பம்பினை நேரே இணைத்தால் எரிந்துபோகும். அயல்நாட்டுக் கருவிகளை வாங்குவோர் பம்பின்மீது பொறித்துள்ள எண்களைப் படித்த பின்னரே வாங்குதல் நலம்.

ஆறாம் படி: கழற்றிக் கழுவும் எளிமையும் உதிரி உறுப்புக்களும். கிண்ணம் ஒரு கையால் கழன்று வருதல் வேண்டும். பம்பின் சுழல்சக்கரம் தனியே கிடைக்காத கருவி, அது பழுதுறும் நாளில் பயனற்ற பொருளாகிவிடும். விலை சற்றுக் கூடினும் உதிரி உறுப்புக் கிடைப்பதையே தெரிந்தெடுத்தல் சிக்கனமாகும்.

6. உள்ளிழுக்கும் காற்றை அளக்கும் எளிய சோதனை

1 லிட்டர் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் புட்டியில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு கோடு வீதம் குறிக்கவும். புட்டியின் அடியில் துளையிட்டு, கருவியின் காற்றுக் குழாயை அதில் செருகி மெழுகால் அடைக்கவும். வாய் கீழாகப் புட்டியை ஒரு வாளி நீரில் நிறுத்தவும். கருவி இயங்கும்போது புட்டியிலுள்ள காற்றை அது இழுத்துக்கொள்ளுவதால் புட்டிக்குள் நீர் ஏறும். உள்நீர் மட்டமும் வெளிநீர் மட்டமும் சமமாக இருக்கும்படி புட்டியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வருதல் வேண்டும். இல்லையேல் இழுவை கூடி அளவு பிழைபடும். 500 மில்லிலிட்டர் காற்று தீர 10 விநாடி ஆயின், நிமிடத்திற்கு 3 லிட்டர். மணிக்கு 180 லிட்டர். கருவி புதிதாக இருக்கையில் இவ்வளவைக் குறித்து வைத்து, மாதந்தோறும் அளந்து ஒப்பிட வேண்டும். காற்றின் குறைவு, கண்ணுக்குப் புலப்படுமுன்னரே எண்ணில் வெளிப்படும்.

7. பொருத்திய பின் கவனிக்க வேண்டியவை

புதிய கருவி முதல் சில நாட்களில், சில வேளைகளில் இரண்டு மூன்று வாரங்கள்கூட, ஒழுங்காக நுரைக்காது. புதுப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் மெல்லிய படலம் படிந்த பின்னரே நுரை நிலைபெறும். இதனைக் குறையென்று கருதிக் கருவியை மாற்றுதல் வேண்டா.

கழுத்தின் உட்புறத்தில் படியும் கொழுப்பு அழுக்கு நுரையை உடைக்கும். ஆகவே மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை கழுத்தைத் துடைத்தல் வேண்டும். சோப்பு அறவே கூடாது. காற்று புகும் துவாரத்தை வாரம் ஒருமுறை நன்னீரில் கழுவினால் உப்பு கரைந்துவிடும். பம்பில் படியும் சுண்ணத்தை வினிகரில் ஊறவைத்து நீக்கலாம்.

கிண்ணத்தில் சேரும் நீர் தேயிலைச் சாறுபோல் இருப்பதே ஏற்றது. நீர்த்த நுரை மிகுதியாக வழியும்படி வைத்தால் கடல்நீரே வெளியேறுகின்றது. 90 லிட்டரில் 3 லிட்டர் கடல்நீர் இவ்வாறு வழிந்து, ஆவியான நீரென்று தவறாக எண்ணி அவ்விடத்தை நன்னீரால் நிரப்பினால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 33.8 கிராமாகும். ஒரு வாரம் இப்படியே தொடர்ந்தால் மீன்களுக்குத் தீங்கு விளையும். வாரம் ஒருமுறையேனும் உப்பின் அளவைச் சோதிக்க வேண்டுவது இதனாலேயே.

கருவி இழுப்பது அறையின் காற்றையே என்பதை மறத்தலாகாது. கொசுவர்த்திப் புகை, பூச்சி மருந்துத் தெளிப்பு, தரை கழுவும் பினாயிலின் ஆவி ஆகியவை நேரே நீருக்குள் செல்லும். சாளரங்களை அடைத்த வகுப்பறையில் கரியமில வாயு மிகுந்து நீரின் பி.எச். தாழ்வதும் உண்டு. காற்றுக் குழாயைச் சாளரத்திற்கு வெளியே நீட்டிவைத்தால் இவ்விரு தீமைகளும் நீங்கும்.

மின்கம்பிகள் தொட்டியைவிடத் தாழ்ந்து வளைந்து பின் செருகியை அடையுமாறு அமைக்கவும். கம்பியில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு நேர்ந்தவுடன் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்புச் சாதனம் மாணவர் புழங்கும் இடத்தில் கட்டாயமானது. மின்தடை மிகுந்த ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்று அருகில் இருத்தல் வேண்டும். நோய்க்கு மருந்திடும் நாட்களில் நுரைபிரிப்பானை நிறுத்தி, காற்றுப் பம்பினை மட்டும் இயக்க வேண்டும். இல்லையேல் சில மருந்துகள் நுரையோடு வெளியேறும்.

8. வகுப்பில் செய்து காட்டத்தக்கது

ஒரே அளவுள்ள மூன்று உயரமான கண்ணாடிச் சாடிகளை எடுத்துக்கொள்க. முதலாவதில் குழாய் நீரும், இரண்டாவதில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் சமையலுப்புக் கரைத்த நீரும், மூன்றாவதில் அதே உப்புநீருடன் ஒரு தேக்கரண்டி முட்டை வெண்கருவும் ஊற்றவும். ஒரே காற்றுப் பம்பினாலும் ஒரே நுண்துளைக் கட்டையாலும் ஒவ்வொன்றிலும் முறையே காற்றைச் செலுத்துக. ஒரு சாடியிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும்போது கட்டையை நன்கு கழுவுக. முதற் சாடியில் குமிழிகள் பெருத்து விரைந்தேறும். இரண்டாவதில் நீர் வெண்மையுறும். ஆனால் மேலே நுரை தங்காது. மூன்றாவதில் நுரை எழுந்து நிற்கும். அந்நுரையைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு மீண்டும் காற்றைச் செலுத்தினால் நுரையின் உயரம் படிப்படியாகக் குறைந்து வருவதைக் காணலாம். நுண்குமிழிக்கு உப்பு வேண்டும், நுரைக்குக் கரிமப் பொருள் வேண்டும், நுரையை அகற்றினால் அப்பொருள் நீரினின்று நீங்கும் என்னும் மூன்று உண்மைகளையும் மாணவர் கண்கூடாக உணர்வர்.

முடிவு

தொட்டியில் வைக்கத்தகும் உயிர்கள் எவை என்பதும் இத்தெரிவோடு இணைந்ததே. பவளங்கள், கடற்குதிரைகள், கடல்விசிறிகள் முதலியன 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுபவை; பவளப் பாறைத் துண்டுகளைக் கடலினின்று எடுத்தலும் குற்றமாகும். எனவே பள்ளித் தொட்டிக்கு உரியவை செயற்கைப் பாறைகளும், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த சில கோமாளி மீன்களுமே. இத்தகைய தொட்டியின் கழிவுச் சுமை சிறிது; அதற்கு வேண்டும் கருவியும் சிறிது.

உணவைக் குறைத்தல், நீரைத் தவறாது மாற்றுதல், பின்னர்த் தேவைக்கேற்ற நுரைபிரிப்பானைப் பொருத்துதல் என்பதே முறையான வரிசை. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, கருவியை வாங்கிவிட்டோம் என்னும் துணிவில் மீன்களையும் உணவையும் பெருக்குவோரின் தொட்டியில் விலையுயர்ந்த கருவியும் பயன் தராது.

பயிற்சி வினாக்கள்

1. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீருயரம் உள்ள தொட்டியில் பாறையும் மணலும் ஆறில் ஒரு பங்கு இடத்தை அடைக்கின்றன. உண்மை நீரளவு யாது?

2. அத்தொட்டியில் நாள்தோறும் அரை கிராம் உணவு இட்டால், கட்டுரையில் கண்ட முறைப்படி ஒரு வாரத்தில் லிட்டருக்கு எவ்வளவு நைட்ரேட்டு சேரும்?

3. 2 லிட்டர் காற்றை 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழிகளாகப் பிரித்தால் மொத்தப் பரப்பு எவ்வளவு?

4. அமோனியா மிகுந்த தொட்டிக்கு நுரைபிரிப்பான் உடனடி மருந்தாகாமைக்குக் காரணம் கூறுக.